ஹாஷெக்கைக் கோட்டைக்கு அனுப்புங்கள்!

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 1998 நகானோ ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி அரையிறுதியை யூடியூபில் மறுபடியும் பார்த்தேன். செக் குடியரசு, கனடா, ஆளுக்கு ஒரு கோல். பெனால்டி ஷூட் அவுட். கனடாவின் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், ஒன்றுகூட வலைக்குள் போகவில்லை. எதிரே நின்றவர் செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக். (அந்த ஐந்து பேரில் கனடாவின் பெரிய நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கியைச் சேர்க்காமல் பெஞ்சில் உட்கார வைத்ததை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.)

அவர் ஆட்டத்தைப் பார்த்தால் முறையாகக் கற்றுக்கொண்டவர் என்றே தோன்றாது. குப்புற விழுவார், மல்லாந்து காலைத் தூக்குவார், மட்டையைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையுறையால் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அமுக்குவார். ஆனால் பக் உள்ளே போகாது.

1983-ல் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.-லின் புது வீரர் தேர்வில் சிகாகோ அணி 199-வது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டவே மாதக்கணக்கானது. 1990-ல்தான் அமெரிக்கா போனார். சிகாகோவில் மாற்று கோல்கீப்பர், அப்புறம் பஃபலோ அணி. அங்கேதான் பேர் வந்தது. என்.ஹெச்.எல்.-லின் சிறந்த கோல்கீப்பர் விருது ஆறு முறை, மிகவும் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை இரண்டு முறை. ஹார்ட் கோப்பையை இரண்டு தடவை வாங்கிய கோல்கீப்பர் வேறு யாருமில்லை. 44 வயதில் சொந்த ஊர் பார்டுபிட்செவுக்குத் திரும்பி, அங்கேயும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

சரி, நகானோவுக்கு வருவோம். இறுதிப் போட்டி ரஷ்யாவுடன். 1968-ல் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் புகுந்து ஏறக்குறைய முப்பது வருடம். அதே அணியில் ஆடிய யாரோமிர் யாகர் முதுகில் இருந்த 68 அந்த வருடத்துக்காகத்தான். 1-0 என்று ஜெயித்தார்கள். பிராக் தெருக்களில் ஜனம் ‘ஹாஷெக் ந ஹ்ராட்’ என்று கத்தியது. ஹாஷெக்கைக் கோட்டைக்கு அனுப்பு, அதாவது ஜனாதிபதியாக்கு என்று அர்த்தம். அப்போது கோட்டையில் ஜனாதிபதியாக வாட்ஸ்லாவ் ஹாவெல் இருந்துகொண்டுதான் இருந்தார், பாவம்!

2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் ஹாஷெக் வாயைத் திறந்தார். ரஷ்ய வீரர்கள் என்.ஹெச்.எல்.-லில் ஆடுவதே போருக்கு விளம்பரம், நிறுத்துங்கள் என்றார். இன்றும் அதையேதான் சொல்கிறார். முன்னாள் ரஷ்ய ஜனாதிபதி மெத்வேதெவ் அவரை மிரட்டிப் பதிவு போடும் அளவுக்குப் போனது விஷயம். எல்லா ரஷ்ய வீரர்களையும் ஒரே தராசில் வைப்பது எனக்கும் உடன்பாடில்லை. இருபது வயதுப் பையன் என்ன செய்வான்? ஆனால் ‘ஹாக்கியோடு நிறுத்திக்கொள், அரசியல் உனக்கெதற்கு’ என்கிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. அவரைக் கோட்டைக்கு அனுப்பச் சொல்லித் தெருவே கத்தியபோது அது அரசியலாகத் தெரியவில்லையா?

ஜனாதிபதித் தேர்தலில் நிற்கும் யோசனை இருப்பதாக அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வலையை விட்டு வெளியே பாய்ந்து வந்து எதிராளியின் காலடியில் விழுகிற ஆளுக்கு அந்த நாற்காலியில் உட்காரும் பொறுமை இருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.