சொந்தப் புகையும் விற்ற புகையும்

"2030க்குள் நாங்கள் கார்பன் நியூட்ரல்" என்று, அதாவது நிகரக் கார்பன் வெளியீடு பூஜ்யம் என்று, ஒரு மின்கருவி நிறுவனம் அறிவித்தால், யாருடைய புகையைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஜெர்மனியின் சீமென்ஸைப் பார்த்து.

2015 செப்டம்பர். ஜோ கேசர் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பெரிய தொழில் நிறுவனங்களில் இப்படி வாக்குக் கொடுக்கும் முதல் நிறுவனம் தாங்கள்தான் என்று சீமென்ஸ் பெருமையாகச் சொன்னது. அப்போது அவர்களுடைய சொந்தச் செயல்பாடுகளின் கார்பன், வருடத்துக்குச் சுமார் 22 லட்சம் டன். 2020க்குள் அதில் பாதி, 2030க்குள் பூஜ்யம் என்பது இலக்கு. ஆலைகளிலும் கட்டடங்களிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்த 10 கோடி யூரோ ஒதுக்கினார்கள். வெறும் பேச்சு இல்லை. பாதியாகக் குறைத்தும் காட்டினார்கள்.

சரி, அதே வருடங்களில் அந்த நிறுவனம் விற்ற பொருள்களில் அனல்மின் நிலைய டர்பைன்களும் உண்டே! 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதத் திறனில் ஓடினால் வருடத்துக்கு 700 கோடி யூனிட். யூனிட்டுக்கு 900 கிராம் என்று வைத்தாலே 63 லட்சம் டன் ஆகிறது. உலகம் முழுக்க இருந்த சீமென்ஸ் ஆலைகளும் அலுவலகங்களும் சேர்ந்து விட்ட புகையைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஒரே ஒரு நிலையத்திலிருந்து. அதுவும் முப்பது நாற்பது வருடம் ஓடக்கூடியது.

கார்பன் கணக்கில் இதற்கு ஸ்கோப் 3 என்று பெயர். சொந்த ஆலையில் எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மூலப்பொருள் தருபவர்கள் விடுவதும், விற்ற பொருள் ஓடும்போது வருவதும் ஸ்கோப் 3. மின்கருவி செய்பவர்களுக்கு மலையளவு இருப்பது இந்தக் கடைசிப் பகுதிதான். 2015 வாக்குறுதிக்குள் அது வரவில்லை.

அடுத்து வந்தது கார்மைக்கேல். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதானி நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கம். அங்கிருந்து துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் 200 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு சிக்னல் கருவிகள் கொடுக்க சீமென்ஸ் ஒப்பந்தம் போட்டிருந்தது. மதிப்பு ஏறத்தாழ 1.8 கோடி யூரோ. அப்போது வருடத்துக்கு 8,000 கோடி யூரோவுக்கு மேல் வியாபாரம் செய்த நிறுவனத்துக்கு அது சில்லறை. ஆனால் 2020 ஜனவரியில் ஜெர்மனியே அதைப் பற்றித்தான் பேசியது. கிரேட்டா துன்பர்க் எதிர்த்தார். இளம் போராளி லூயிசா நொய்பாவரைக் கேசர் நேரில் சந்தித்து, புதிதாகப் பிரியப்போகும் எரிசக்தி நிறுவனத்தில் மேற்பார்வைப் பொறுப்பு தருவதாகச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீற முடியாது என்று சீமென்ஸ் வேலையைத் தொடர்ந்தது.

"சிக்னல் விளக்கு என்ன புகை விடுகிறது? வாங்குபவன் செய்வதற்கெல்லாம் விற்பவன் பொறுப்பா?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் துறை நிறுவனங்கள் "எங்கள் கருவிகளால் வாடிக்கையாளர்கள் இத்தனை கோடி டன் கார்பனைத் தவிர்த்தார்கள்" என்று அறிக்கையில் பெரிய எழுத்தில் போடுகின்றனவே! பிரெஞ்சு மின்கருவி நிறுவனமான ஷ்னைடர் எலெக்ட்ரிக் இப்படி வைத்த இலக்கு 2025க்குள் 80 கோடி டன். வாங்குபவன் மிச்சப்படுத்தினால் அதில் உனக்குப் பங்கு உண்டு, அவன் நிலக்கரியை ஏற்றினால் மட்டும் உனக்குச் சம்பந்தம் இல்லை என்றால் எப்படி? இரண்டில் ஒன்றைப் பேசு.

2020 செப்டம்பரில் டர்பைன் வியாபாரம் சீமென்ஸ் எனர்ஜி என்ற தனி நிறுவனமாகப் பங்குச்சந்தைக்குப் போனது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு, கடன் தம்பி பேரிலும் நல்ல பேர் அண்ணன் பேரிலும் ஆன மாதிரி. தொழிலைப் பிரித்தால் பழைய வருடக் கணக்கையும் திருத்த வேண்டும் என்று கார்பன் கணக்கு விதி சொல்கிறது, அதனால் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பிரிந்த சில வாரங்களில், நிலக்கரியில் மட்டும் ஓடும் புதிய மின்நிலையங்களுக்கு இனி டெண்டர் போடமாட்டோம் என்று சீமென்ஸ் எனர்ஜி அறிவித்தது. ஒன்றாக இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

ஷ்னைடர் இதில் கொஞ்சம் தேவலை. 2021ஐ ஒப்பிட்டு 2030க்குள் கார்பனை 25 சதவீதம் குறைப்போம் என்று அவர்கள் சொல்வது, ஸ்கோப் 3 உட்பட மொத்தக் கணக்குக்கும். எண் சின்னதாகத் தெரிகிறது. சொந்த ஆலைக்கு மட்டும் பூஜ்யம் என்பதைவிட இது பல மடங்கு கடினம்.

வாக்குறுதியால் நடக்காதது சட்டத்தால் நடக்கும் என்பதற்கு எஸ்எஃப்6 சாட்சி. சப்ஸ்டேஷனில் மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் இருக்கும் பெட்டியான ஸ்விட்ச்கியருக்குள் அடைத்திருக்கும் வாயு அது. 1 கிலோ கசிந்தால் சுமார் 24 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். காற்றில் ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கும். குறைக்க வேண்டிய வாயுக்களின் 1997 கியோட்டோ ஒப்பந்தப் பட்டியலிலேயே அதன் பெயர் இருந்தது. இருந்தும், ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் போட்ட பிறகுதான், 2026 ஜனவரி 1 முதல் 24 கிலோவோல்ட் வரையிலான புதிய ஸ்விட்ச்கியரில் அதற்குத் தடை வந்தது. மாற்று என்ன? சுத்தமான காற்றும் வேக்குவமும் (வெற்றிடம்). சீமென்ஸும் ஷ்னைடரும் அந்தப் பெட்டிகளை ஏற்கெனவே விற்கின்றன.

இந்தியாவில் அப்படித் தடை இல்லை. ஐரோப்பாவில் விற்க முடியாத பெட்டியை இங்கே தாராளமாக விற்கலாம். மின்வாரியமோ ஆலைகளோ டெண்டரில் "எஸ்எஃப்6 இல்லாதது" என்று ஒரு வரி சேர்த்தால், இவர்களுடைய 2030 இலக்கு நம் ஊருக்கும் சேர்த்துத்தானா என்று விலைப்பட்டியல் வரும்போதே தெரிந்துவிடும்.