கடைசியில பேரு ஓடுனா படம் முடிஞ்சுதுன்னு உனக்கு யாருடா சொன்னது, ஓடிடி ஆப்பே?

அஞ்சு, நாலு, மூணு...

என்னத்தை எண்றே? ராக்கெட்டா விடப்போறே? நாங்க இங்க உட்கார்ந்து படம் பார்த்துக்கிட்டு இருக்கோம். ஓடுற படத்தை ஸ்டாம்பு சைஸுக்குச் சுருக்கி மூலையில தள்ளிட்டு, மீதி டிவி முழுக்க "அடுத்து இதைப் பாருங்க"ன்னு ஒரு கண்றாவியைக் கொண்டாந்து நிறுத்தறியே, நான் கேட்டேனா? உன் கையைப் பிடிச்சு கெஞ்சினேனா?

நேத்து ராத்திரி 'ஸ்கூல் ஆஃப் ராக்'. 2003ல வந்தது, ரிச்சர்ட் லிங்க்லேட்டர் டைரக்‌ஷன். கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். வாடகை குடுக்க வக்கில்லாத ஹீரோ ஜாக் பிளாக், கூட்டாளி பேரைச் சொல்லி ஒரு பணக்கார ஸ்கூலுக்குள்ள டெம்பரரி வாத்தியாரா நுழைஞ்சு, பாடத்தை மூட்டை கட்டிட்டு பிள்ளைங்களை வச்சு பேண்ட் ஆரம்பிப்பாரே, அதேதான். வீட்ல அத்தனை பேரும் சேர்ந்து ஒரு படத்தை முழுசா பார்க்கிறதே தேர்தல் மாதிரி எப்பவாவது நடக்கிற விஷயம். அக்கா பையன் டிபன் பாக்ஸ் மூடியில தாளம் தட்டிக்கிட்டு இருக்கான். அப்பா தூங்கல. அம்மா மட்டும் கடைசி வரைக்கும் பெத்தவங்க கட்சி. "அவ்ளோ பீஸ் கட்டுனவன் சும்மா விடுவானா? பாவம், அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வேலை போகப்போகுது பாரு"ன்னு ஒரே கவலை.

கிளைமாக்ஸ் வந்துச்சு. பேண்ட் போட்டியில பிள்ளைங்க தோத்துடும். ஜெயிக்கிறது யாருன்னா, ஜாக் பிளாக்கைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுன அதே பழைய பேண்டு. ஆனா கூட்டம் பிள்ளைங்களைக் கேட்டுத்தான் கத்தும். அம்மாவே கை தட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தாளோட வீட்லயே பிள்ளைங்களுக்கு மியூசிக் கிளாஸ். ஏசி/டிசிங்கிற ராக் பேண்டோட 1975ஆம் வருஷத்துப் பாட்டை எல்லாரும் சேர்ந்து வாசிப்பாங்க. வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே பேரு ஓட ஆரம்பிக்கும்.

இங்கதான் விஷயமே. பேரு ஓடும், ஆனா யாரும் நிறுத்த மாட்டாங்க. படம் முடிஞ்சுபோச்சு, நாங்க மட்டும் இன்னும் திரையிலயே இருக்கோம்னு ஜாக் பிளாக் அந்த மெட்டுலயே சேர்த்துப் பாடுவார். மொத்தப் படத்துலயும் எனக்குப் பிடிச்ச இடம் அது. பையன்கிட்ட வேற "எழுந்துடாதடா, இனிமேதான் இருக்கு"ன்னு பில்டப் குடுத்து உட்கார வச்சிருக்கேன்.

'இன்னும் திரையில இருக்கோம்'னு அவர் வாயைத் திறக்கிறார். படக்குன்னு ஆளை மூலைக்குத் தள்ளியாச்சு!

அஞ்சு, நாலு...

"ரிமோட்! ரிமோட்!" வீடே அலறுது. ரிமோட் அப்பா தொடைக்கு அடியில. அவர் எடுத்துட்டார், ஆனா குடுக்க மாட்டேங்கிறார். "இரு, நானே பண்றேன்"னு கண்ணாடியைத் தேடுறார். மூணு, ரெண்டு. 'முழுசா பார்க்க'ன்னு ஒரு பட்டன் இருக்கு, இல்லேங்கல. எங்க? இடது ஓரத்துல, கொசு சைஸுல. ஓகே அமுக்குனா நேரா 'அடுத்தது' மேலதான் போய் விழும். அந்த மாதிரிதான் செஞ்சு வச்சிருக்காங்க. அப்பா ஓகேவைத்தான் அமுக்குனார். வேறென்ன அமுக்குவார் மனுஷன்?

வந்தது என்ன தெரியுமா? தொடர் கொலைகாரன் டாக்குமென்டரி! பிள்ளைங்க கிடார் வாசிக்கிற படம் பார்த்தவனுக்கு அடுத்து பொணம் வெட்டுற படம்தான் பிடிக்கும்னு எந்த மேதை கண்டுபிடிச்சானோ. அக்கா ஓடிவந்து பையன் கண்ணைப் பொத்துறா. அவன் விரல் இடுக்கு வழியா நல்லாவே பார்க்கிறான்.

பேக் அமுக்குனேன். வெளிய வந்துடுச்சு. சரி, 'தொடர்ந்து பார்க்க' வரிசையில இருக்கும்னு பார்த்தா, படமே இல்லை. நான் பார்த்து முடிச்சுட்டேனாம். அவனே முடிவு பண்ணிட்டான். தேடு. ஒவ்வொரு எழுத்தா அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி எஸ்... சி... எச்... ஓ... கிடைச்சுது. அமுக்குனா முதல்ல இருந்து ஆரம்பிக்குது! ஜாக் பிளாக் மேடையில இருந்து கூட்டத்துக்குள்ள குதிச்சு, பிடிக்க ஆளில்லாம தொப்புன்னு தரையில விழுறார். அந்த நிமிஷம் அவரோட வலி எனக்குப் புரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் புரிஞ்சிருக்காது. ஓட்டு, ஓட்டு, ஓட்டு. ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தை விரலாலயே தள்ளிக்கிட்டுப் போய், அப்பாடா, பேரு வந்துடுச்சு. வந்ததும்?

சுருக்கிட்டான். அஞ்சு, நாலு.

அந்தப் படத்துல வாசிக்கிற பிள்ளைங்க நெசமாவே வாசிக்கத் தெரிஞ்சவங்கய்யா. கையை மட்டும் ஆட்டிட்டு யாரோ வாசிச்சதை ஒட்டுன வேலை இல்லை. அவங்க பேரு எல்லாம் அங்கதான் ஓடுது. இதே படத்தோட ஆரம்பத்தைப் பாருங்க, கிளப்பு நடையில ஒட்டின நோட்டீஸ், ஸ்டிக்கர்னு அதுக்குள்ள ஒளிச்சு ஒளிச்சுப் பேரு போட்டிருப்பாங்க. பேரு போடுறதையே இவ்வளவு ரசிச்சுப் பண்ணுனவங்களோட படத்துல, பேரு வந்தா கடையை மூடுன்னு உன் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வச்சிருக்கியே. லேசுல எந்தப் படத்துக்கும் பாட்டு குடுக்காத லெட் செப்பலின்ங்கிற ராக் பேண்டையே, இந்தப் படத்துக்காக கூட்டத்தை வச்சுக்கிட்டு வீடியோவுல கெஞ்சி மசிய வச்ச ஆளு ஜாக் பிளாக். அவராலயே உங்க ஆப்பை மசிய வைக்க முடியல.

தியேட்டரா இருந்தா லைட்டைப் போட்டு விளக்குமாத்தோட வந்து நிப்பாங்க. அதையாவது மன்னிக்கலாம், அடுத்த ஷோ இருக்கு, கூட்டணும். என் வீட்டு ஹால்ல உனக்கு என்னடா அடுத்த ஷோ?

'செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிடலாமே'ன்னு சொல்ல ஒருத்தர் வருவீங்க, தெரியும். வாங்க. அந்த செட்டிங் டிவியில கிடையாது. ஆப் அக்கவுண்ட் எங்க மாமா பேர்ல இருக்கு. பாஸ்வேர்டு மாமாவுக்கு மறந்துபோச்சு. ஓடிபி மாமா போனுக்குப் போகும். மாமா நைட் ஷிஃப்ட்ல, போன் லாக்கர்ல. இப்ப சொல்லுங்க, எப்படி ஆஃப் பண்ணலாம்?

கடைசியில பையன் என்னைப் பார்த்து, "மாமா, அந்த வெட்டுற படமே போடு, அது நல்லா இருந்துச்சு"ன்னான். அம்மா பக்குன்னு சிரிச்சிட்டாங்க. அப்பாவும். எனக்கும் வந்துடுச்சு, என்ன பண்றது. அப்பவும் விடாம இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்னு அமுக்குறேன், ரிமோட் செத்துப்போச்சு.

அதைக் கேட்கணும். இந்த ரிமோட்டோட பின்மூடி எந்த வீட்லயாவது இருக்கா? எங்க வீட்ல ரப்பர் பேண்டுதான் மூடி. அதைக் கழட்டினா உள்ள ஒரு பேட்டரிதான் கிடக்கு, இன்னொண்ணு சுவர்க் கடிகாரத்துல ஓடுது. போன வாரம் கடிகாரம் நின்னப்போ ரிமோட்டுல இருந்து உருவுனது யாருன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல. அப்போ இத்தனை நாள் ஒத்தைப் பேட்டரியிலயா ஓடுச்சுன்னு பார்த்தா, இன்னொரு பக்கம் சாக்லேட் பேப்பரைச் சுருட்டி வச்சிருக்கான் பையன். புதுசா பேட்டரின்னு ஒண்ணைக் கடையில காசு குடுத்து வாங்குற பழக்கம் இந்தக் குடும்பத்துல யாருக்காவது இருக்கா?