முருங்கை விதை போட்டால் தண்ணீரைக் காய்ச்ச வேண்டாமா?

"முருங்கை விதைத் தூள் போதும், கிருமியும் உப்பும் போய்விடும், காய்ச்சத் தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதை நம்பிக் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள்.

விதை தண்ணீரைத் தெளியவைக்கும் என்பது உண்மை, அருமையான உண்மை. முற்றிக் காய்ந்த விதையில் நேர்மின்னூட்டம் கொண்ட சிறு புரதங்கள் இருக்கின்றன. களிமண் துகளும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. விதைக்குள் இருக்கும் பருப்பை இடித்து நீரில் கரைத்து, துணியில் வடிகட்டிக் கலங்கிய நீரில் ஊற்றி, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கினால், புரதம் இவற்றைப் பிடித்துத் திரட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கசடு அடியில் தங்கிவிடும். படிகாரம் செய்யும் வேலைதான் இது. சூடானில் நைல் கரைப் பெண்கள் கலங்கிய ஆற்றுநீரை இப்படித்தான் தெளியவைத்தார்கள்.

ஆனால் தெளிந்த நீரெல்லாம் குடிநீர் அல்ல. ஆய்வுகளில் 90 முதல் 99 சதவீத பாக்டீரியா நீங்கியிருக்கிறது. 100 மில்லியில் 10,000 ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) இருந்தால், 99 சதவீதம் போனாலும் 100 மிஞ்சும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலோ ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது. விதையிலிருந்து கரைந்த மற்ற சத்துகள் நீரிலேயே தங்குவதால், எடுத்து வைத்தால் மிஞ்சிய கிருமிகள் மறுபடி பெருகும்.

உப்பு? கரைந்த உப்பை இந்தப் புரதம் நீக்காது.

தெளிந்ததை மேலாக இறுத்து, கொதிக்கவைத்து, அன்றே குடித்துத் தீர்த்துவிடுங்கள்.