சட்டத்தரணியை மாற்றலாம், முறையோடு மாற்றுங்கள்

விபத்தில் காயப்பட்டு நட்டஈடு கேட்டு நிற்பவர், தன் சட்டத்தரணியில் நம்பிக்கை இழந்தால் வேறொருவரிடம் செல்வதற்கு முழு உரிமை உடையவர். ஆனால் வன்னியில் இந்த உரிமையைச் சட்டம் தடுப்பதைவிட முகத்தாட்சணியம் தடுப்பதே அதிகம். ஏ9 வீதியில் டிப்பர் மோதிக் காலில் கம்பி வைக்கப்பட்ட எங்கள் ஊர்க் கூலித் தொழிலாளி ஒருவரிடம், சட்டத்தரணி தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை என்றால் ஏன் இன்னும் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவர் மாமா பிடிச்சுத் தந்த ஆள். மாத்தினா மாமான்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்றார்.

மாமாவின் முகத்துக்காகக் காலக்கெடு காத்திராது. இலங்கைச் சட்டப்படி, காயத்துக்கான நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். சாரதி நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியதும் வழக்கு முடிந்துவிட்டதாக நம்பும் குடும்பங்களை நான் அறிவேன். அது பொலிசார் தொடுத்த வழக்கு. உங்கள் நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு வேண்டும். ஆகவே, பழைய சட்டத்தரணியைக் குறை சொல்லத் தொடங்குமுன் வழக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இலக்கம் இல்லையென்றால், பெரும்பாலும் வழக்கே போடப்படவில்லை என்றுதான் பொருள். அதன் பிறகு ஒரு வாரம்கூடத் தாமதிப்பது ஆபத்து.

வழக்கு ஏற்கெனவே போடப்பட்டிருந்தால், இடையில் புறொக்சி (உங்கள் சார்பில் வழக்கை நடத்த சட்டத்தரணிக்கு நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) நிற்கிறது. பலர் பழையவரிடம் போவதை நிறுத்திவிட்டு, சொப்பிங் பையில் நோய் நிர்ணய அட்டையையும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் போட்டுக்கொண்டு புதியவரின் அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்கள். அது மட்டும் போதாது. நீங்கள் கையெழுத்திட்ட பழைய புறொக்சி, பழைய சட்டத்தரணிக்கு அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதியுடன் எழுத்தில் இரத்துச் செய்யப்படும் வரை வழக்குக் கோவையில் உயிரோடுதான் இருக்கும். ஒரு கட்சிக்காரருக்கு ஒரே வேளையில் புறொக்சி மூலம் பதிவு செய்யப்பட்ட இரு சட்டத்தரணிகள் இருக்க முடியாது என்பதால், புதியவர் அதற்கிடையில் தாக்கல் செய்யும் ஆவணத்தை எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க இடமுண்டு. மன்றில் எழுந்து வாதிடுவதற்கு மட்டும் இன்னொருவரை அமர்த்துவது வேறு விடயம். அதற்குப் புறொக்சியைத் தொட வேண்டியதில்லை, பல வேளைகளில் அதுவே போதுமாகவும் இருக்கும்.

தவணை தள்ளிப் போகிறது என்பதற்காக மட்டும் மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். எங்கள் மாவட்ட நீதிமன்றங்களில் யார் பேசினாலும் தவணை தள்ளித்தான் போகும் (இதை எந்தச் சட்டத்தரணியும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்). தவணைத் திகதியைச் சொல்லாமல் மறைப்பது, உங்களைக் கேட்காமல் காப்புறுதி நிறுவனத்தோடு தொகை பேசுவது, கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தர மறுப்பது ஆகியவையே மாற்றுவதற்குத் தகுந்த காரணங்கள்.

புதியவர் முதலில் பார்க்க வேண்டியது காப்புறுதி நிறுவனத்துக்கான அறிவித்தலை. வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்ட 7 நாள்களுக்குள்ளோ அது அனுப்பப்பட்டிருக்க வேண்டும். தவறியிருந்தால், வழக்கில் வென்றாலும் அந்த நிறுவனத்திடம் பணம் பெறுவது கடினம், டிப்பர் உரிமையாளரின் பின்னால்தான் அலைய வேண்டும். பழையவர் செய்த வேலைக்குரிய கட்டணத்தைத் தீர்த்து, பற்றுச்சீட்டோடு கோவையைக் கேளுங்கள். கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் வவுனியா, கிளிநொச்சி நிலையங்களில் விசாரிக்கலாம்; வருமானத்தைக் காட்டும் கிராம அலுவலரின் கடிதத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.