பழுப்பு முத்திரை இருந்தால் போதுமா?

1929 வரிசை அமெரிக்க டாலர் நோட்டில் 'நேஷனல் கரன்சி' என்ற தலைப்பும் பழுப்பு முத்திரையும் இருந்தால், அது ஏதோ ஒரு உள்ளூர் தேசிய வங்கியின் (அரசு உரிமம் பெற்ற தனியார் வங்கி) அரிய நோட்டு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 1933 வங்கி நெருக்கடியில் அவசரமாக அச்சிட்ட ஃபெடரல் ரிசர்வ் வங்கி (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் வட்டார வங்கி) நோட்டுகளிலும் இதே தலைப்பும் முத்திரையும்தான்.

சரிபார்ப்பது சுலபம். இடப்பக்கம் அச்சிட்டிருக்கும் வங்கிப் பெயரைப் படியுங்கள். பக்கத்தில் தடித்த கருப்பில் எண் இருந்தால், அது அந்த வங்கியின் சார்ட்டர் எண், அதாவது அரசு கொடுத்த உரிம எண். தேசிய வங்கி நோட்டுதான். எண்ணுக்குப் பதில் ஏ (A) முதல் எல் (L) வரை ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் ஃபெடரல் ரிசர்வ். எந்த ஊர் ஃபெடரல் ரிசர்வ் வங்கி என்பதை அந்த எழுத்து சொல்லும்; சிகாகோவுக்கு ஜி (G). விலை பேசுமுன் தயவுசெய்து இதைப் பாருங்கள், பாவம், புதிதாகச் சேகரிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.