பேச்சுக்கு நேரமுண்டு, நாடகத்துக்கு இல்லை

பல்கலைக்கழகக் கலைவிழா என்று பெயர். கலை மேடையேறுவதற்குள் பாதிக் கூட்டம் கிளம்பிவிடுகிறது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நடுவில் சிறப்புரையாளரைப் பற்றி ஓர் அறிமுகவுரை. எல்லாரும் ‘இரண்டே வார்த்தை’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்! அதெல்லாம் முடிந்த பிறகு, வாரக்கணக்கில் வகுப்பு விட்டதும் ஒத்திகை பார்த்த பிள்ளைகளிடம், “40 நிமிஷ நாடகத்தை 15 நிமிஷத்துல முடிச்சிடுங்கப்பா” என்பார்கள். எந்தக் காட்சியை வெட்டுவது? வில்லன் மேடைக்கு வரும் முன்பே சாக வேண்டியதுதான்.

இதில் மைக் வேறு. ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கை வைத்தால், அது கக்கும் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கிக் காது கிழிய ஊளையிடும். ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். சவுண்ட் செக்குக்குப் பத்து நிமிடம் கேட்டால், “அதெல்லாம் தானா சரியாயிடும்” என்கிறார்கள். எங்கே சரியாகிறது!

முன்வரிசை சோபாக்கள் இன்னொரு கொடுமை. விருந்தினர்கள் பேசியதும் போய்விடுவார்கள். நடிக்கிறவர்கள் காலி இருக்கைகளைப் பார்த்துத்தான் அழ வேண்டும், சிரிக்க வேண்டும். பின்னால் கால் கடுக்க நிற்கிற மாணவர்களை அங்கே உட்காரவிட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?