கண்ட சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நிற்காதா?

"கண்ணால் கண்ட சாட்சி இல்லையென்றால் வழக்கு நிற்காது, முறைப்பாடு வீண்" என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 114ஆம் பிரிவைப் பாருங்கள். உதாரணமாக, தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பி களவுபோய், சில நாளிலேயே ஒருவர் வீட்டில் அகப்படுகிறது. வந்த வழியை அவரால் சொல்ல முடியவில்லை. அவரே திருடினார், அல்லது களவுப்பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என நீதிமன்றம் ஊகிக்கலாம். பொருள் சுருக்காக அகப்படுவதுதான் இதில் முக்கியம். ஆகவே முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, வெறும் சந்தேகம் போதுமா? போதாது. சூழ்நிலைச் சான்றுகள், அதாவது நேரில் கண்டவர் இல்லாமலே குற்றத்தைக் காட்டும் சுற்றுவட்ட விபரங்கள், எல்லாம் சேர்ந்து, அவர் குற்றவாளி என்பதைத் தவிர வேறு நியாயமான விளக்கத்துக்கு இடம் விடக்கூடாது.

சந்தேகமிருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி அனுப்பவேண்டாம்.